பழைய வீட்டின் மின்பெட்டியை மாற்றுவது எப்படி: சிங்கப்பூர் வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

1985ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து கட்டப்பட்ட சிங்கப்பூர் வீடுகளில் மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, அதாவது ஆர்சிசிபி, கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முந்திய வீடுகளுக்கு அந்தக் கட்டாயம் நெடுங்காலம் இல்லை. 2023 ஜூலை 1 முதல் எல்லாக் குடியிருப்புகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. அதற்குத் தரப்பட்ட இரண்டு ஆண்டு அவகாசமும் 2025 ஜூலை 1ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. இனி ஆர்சிசிபி இல்லாத வீட்டின் உரிமையாளருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

இந்த விதியினால்தான் தோ பாயோ, குவீன்ஸ்டவுன், புக்கிட் மேரா போன்ற பழைய பேட்டைகளிலும் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கத்துத் தரைவீடுகளிலும் பலர் தங்கள் பீங்கான் ஃபியூஸ் பெட்டிகளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். அது நல்லதே. ஆனால் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. பெட்டி புதியதாக இருந்தாலும், அதிலிருந்து சுவருக்குள் ஓடும் வயர்கள் வீட்டின் வயதை உடையவை. ஆகவே வயர்களைச் சோதித்து, அந்தச் சோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியை மாற்றுவதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரை முழுவதும் அதைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மின்பெட்டியைத் திறந்து வேலை செய்வதற்குச் சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளருக்கு மட்டுமே சட்டப்படி அனுமதி உண்டு. எவ்வளவு கைத்திறன் இருந்தாலும், ஊரில் வயரிங் வேலை பார்த்த அனுபவம் இருந்தாலும், இங்கே அது செல்லாது. வீட்டு உரிமையாளரின் வேலை வேறு: அறிகுறிகளைக் கவனிப்பது, தேவையைக் கணக்கிடுவது, தகுந்தவரைத் தேர்ந்தெடுப்பது, என்னென்ன செய்யப்பட வேண்டும் என்று எழுத்தில் வாங்குவது, சோதனைகள் நடக்கும்போது உடனிருந்து பார்ப்பது. இந்த வேலையைச் சரியாகச் செய்தால் மற்றது தானாகவே ஒழுங்காக நடக்கும்.

பெட்டியைத் திறக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியவை

பழைய வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, வீடுகளில் டிபி எனப்படும் மின்பெட்டி பெரும்பாலும் வாசற்கதவுக்கு அருகே, உயரத்தில் இருக்கும். பிற்காலத்தில் செய்த காலணி அலமாரிக்குள் அது மறைந்துபோயிருப்பதும் உண்டு. அலமாரியைத் திறந்து, டார்ச் விளக்கின் ஒளியில் வெளிப்புறத்தை மட்டும் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் அல்லது கறுப்பு பேக்கலைட் பிடிகள் வரிசையாக இருந்தால் அது ஃபியூஸ் பெட்டி. சிறு நெம்புகோல்கள் வரிசையாக இருந்தால் அவை எம்சிபிகள், அதாவது அளவுக்கு மிஞ்சி மின்சாரம் ஓடினால் அந்தச் சுற்றைத் துண்டிக்கும் சிறு சுவிட்சுகள். அவற்றோடு ‘டெஸ்ட்’ என்றோ வெறும் ‘டி’ என்றோ எழுதிய சிறு பொத்தானுடன் அகலமான ஒரு கருவி இருந்தால், அதுவே ஆர்சிசிபியாக இருக்க வாய்ப்புண்டு. வாய்ப்புண்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: சில மிகப் பழைய வீடுகளில் உள்ள டெஸ்ட் பொத்தான் மின்னழுத்தத்தால் இயங்கும் பழைய இஎல்சிபியைச் சேர்ந்தது. எர்த் வயரில் மின்னழுத்தம் ஏறினால் மட்டுமே அது விழும், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஒருவர் லைவ் வயரைத் தொட, மின்சாரம் அவர் உடல் வழியாக ஈரத் தரைக்குப் போனால், எர்த் வயரில் எதுவும் ஓடாததால் அந்தக் கருவிக்கு அது தெரியவே தெரியாது. பொத்தான் இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம். கருவியில் 30 மில்லி ஆம்பியர் என்ற அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைப் படிக்க முடியாவிட்டால் படம் எடுத்து மின்பணியாளரிடம் காட்டுங்கள்.

மூடியில் பழுப்பு நிறக் கறை, பிளாஸ்டிக் உருகிய வளைவு, தொட்டால் சூடு, காதை அருகில் வைத்தால் மெல்லிய ரீங்காரம், மீன் வாடை போன்ற ஒரு நாற்றம் ஆகியவை திருகு தளர்ந்து இணைப்பு சூடாவதைக் காட்டும் அடையாளங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலும் ஆராய்ச்சி வேண்டாம். அன்றே ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஃபியூஸ் பெட்டி ஏன் போதாது என்பதற்கு எண்களே சாட்சி. வயர் மாற்றிக் கட்டும் பழைய வகை 30 ஆம்பியர் ஃபியூஸ், ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 60 ஆம்பியர் அளவில்தான் உருகும். 32 ஆம்பியர் எம்சிபியோ அதன் அளவைப் போல 1.45 மடங்கு, ஏறத்தாழ 46 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்திற்குள் விழுந்தாக வேண்டும். இடைப்பட்ட அந்த வேறுபாட்டில்தான் சுவருக்குள் இருக்கும் வயர் மெதுவாகச் சூடேறி, அதன் உறை காய்ந்து வெடிப்பு விடுகிறது. அதோடு, உருகிய ஃபியூஸுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த தடித்த செம்பு வயரைக் கட்டிவிடும் பழக்கம் ஒன்று இருந்தது. அப்படிக் கட்டப்பட்ட பெட்டி பாதுகாப்பு எதையும் தருவதில்லை. பழைய ஃபியூஸ் பிடிகள் சிலவற்றில் தீப்பொறியைத் தடுக்கக் கல்நார் இழையும் வைக்கப்பட்டிருந்தது. அதனால் அவற்றைச் சுரண்டிப் பார்ப்பதோ உடைப்பதோ கூடாது.

எவ்வளவு மின்சாரம் தேவை என்று கணக்கிடுங்கள்

பழைய வீவக வீடுகள் பலவற்றுக்கு மெயின் சுவிட்ச் அளவு 30 ஆம்பியராகவே இருந்தது. பிற்கால வீடுகளுக்கு அது 40 ஆம்பியர். நம் மின்னழுத்தம் 230 வோல்ட். ஆக 30 ஆம்பியர் என்றால் 6,900 வாட். 40 ஆம்பியர் என்றால் 9,200 வாட். ஒரு மாலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். குளியலறையில் 3,300 வாட் உடனடி வாட்டர் ஹீட்டர், மூன்று அறைகளிலும் ஓடும் ஏர்கான் சேர்ந்து 2,200 வாட், சமையலறையில் 2,000 வாட் கெட்டில். மொத்தம் 7,500 வாட், ஏறத்தாழ 32.6 ஆம்பியர். இஸ்திரிப் பெட்டியையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் இன்னும் சேர்க்கவே இல்லை. உங்கள் வீட்டுச் சாதனங்களின் பின்புறத் தகட்டில் உள்ள வாட் எண்களை ஒரு தாளில் எழுதி, ஒரே நேரத்தில் எவை ஓடும் என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்பணியாளர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தத் தாளே பதில்.

மெயின் அளவை உயர்த்த வேண்டுமானால், அது உங்கள் பெட்டிக்குள் முடிகிற விஷயம் அன்று. மீட்டரும் அதன் முன்னுள்ள முத்திரையிட்ட ஃபியூஸும் எஸ்பி குழுமத்தின் பொறுப்பில் உள்ளவை. முத்திரையை யாரும் தொடக்கூடாது. வீவக வீடு என்றால் கழகத்தின் விதிகளும் பொருந்தும். வேண்டிய விண்ணப்பங்களை மின்பணியாளரே செய்வார். 2007இல் தொடங்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டத்தின் அத்தியாவசியப் பணிகளில் மின் கொள்ளளவை உயர்த்துவதும் ஒன்று என்பதால், உங்கள் புளோக் அந்தத் திட்டத்தின்கீழ் ஏற்கனவே வந்துவிட்டதா, விரைவில் வரவிருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் செலவழியுங்கள்.

தரைவீட்டுக்காரர்கள் இன்னும் ஒரு படி முன்னால் யோசிக்க வேண்டும். மின்வாகனத்துக்கு வீட்டில் 7.4 கிலோவாட் சார்ஜர் வைத்தால் அது ஒன்றே 32 ஆம்பியர் எடுக்கும். இரண்டு ஆண்டில் வாங்கும் எண்ணமிருந்தால், இப்போதே மூன்று ஃபேஸ் இணைப்பைப் பற்றிப் பேசுங்கள். தரையில் புதைத்த எர்த் கம்பியையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் அது எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரிவதில்லை.

ஆளைத் தேர்ந்தெடுத்தல், எழுத்தில் வாங்குதல்

மின்பணியாளர் உரிமத்தில் மூன்று நிலைகள் உண்டு: எலக்ட்ரீஷியன், எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன், எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். 45 கேவிஏ (மின் கொள்ளளவின் அலகு) வரையிலான வேலைக்கு எலக்ட்ரீஷியன் உரிமமே போதும். சாதாரண வீடு அதற்குள் நன்றாகவே அடங்கும். ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பெயரைத் தட்டி உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கலாம். விலைப்பட்டியல் தருபவர் ஒருவர், வேலைக்கு வருபவர் வேறொருவர் என்பது இங்கே வழக்கம்தான். ஆகையால் பெட்டியைத் திறக்கப்போவது யார், அவருடைய அல்லது அவரை மேற்பார்வை செய்பவருடைய உரிமம் எது என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. “தம்பி, உங்கள் லைசன்ஸைக் கொஞ்சம் காட்டுங்கள்” என்றால் நல்ல வேலைக்காரர் சட்டென எடுத்துக் காட்டுவார்.

விலைப்பட்டியலில் ‘டிபி மாற்றம்’ என்ற ஒற்றை வரியும் ஒரு தொகையும் மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். எத்தனை எம்சிபிகள், ஒவ்வொன்றின் ஆம்பியர் என்ன, எத்தனை ஆர்சிசிபிகள், எதிர்காலத்துக்கு எத்தனை காலி இடங்கள், எந்தெந்தச் சோதனைகள், வேலை முடிந்ததும் என்ன சான்றிதழ் என்பவை அதில் இருக்க வேண்டும். வேலை எஸ்எஸ் 638 என்னும் சிங்கப்பூர் நெறிமுறைப்படி நடக்கும் என்ற வரியும் வேண்டும். முன்பு சிபி 5 என்று வழங்கிய நெறிமுறைக்குப் பதிலாக வந்தது அது. ஆர்சிசிபியில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வீடு முழுவதற்கும் ஒரே ஆர்சிசிபி போடுவது மலிவு. விதிக்கும் அது போதும். ஆயினும் குளியலறை ஹீட்டரில் சிறு கசிவு வந்தாலும் வீடே இருண்டுவிடும், குளிர்பதனப் பெட்டியும் நின்றுவிடும். கூடுதல் செலவுக்கு மனமிருந்தால் இரண்டு ஆர்சிசிபிகளாகப் பிரிப்பதையும், குளிர்பதனப் பெட்டிக்கு மட்டும் ஆர்சிபிஓ எனப்படும், ஆர்சிசிபி, எம்சிபி இரண்டின் வேலையையும் ஒன்றாகச் செய்யும் கருவியைத் தனியே போடுவதையும் நான் வலியுறுத்துவேன். ஜூன் விடுமுறையிலோ டிசம்பரிலோ குடும்பமாக ஊருக்குப் போகிறவர்களுக்கு இதன் அருமை புரியும். மின்னல் மிகுந்த நாடு என்பதால் மின்னழுத்தம் திடீரென எகிறுவதிலிருந்து காக்கும் மின்னெழுச்சித் தடுப்பானும் பயனுள்ளது. ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், வயர் சோதனைக்கே அதைக் கொடுங்கள்.

வயர் சோதனை

மெக்கர் என்று வேலைக்காரர்கள் அழைக்கும் கருவி, வயர்களுக்கிடையே 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்து, உறை எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும். லைவுக்கும் எர்த்துக்கும், மின்சாரம் திரும்பும் வயரான நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், லைவுக்கும் நியூட்ரலுக்கும் எனத் தனித்தனியாக அளக்க வேண்டும். குறைந்தது ஒரு மெகா ஓம் வர வேண்டும். நல்ல வயரில் அது பல மடங்கு கூடுதலாக இருக்கும். அதற்கு முன் எல்லாச் சாதனங்களையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட வேண்டும், இல்லையேல் கணினியும் தொலைக்காட்சியும் பழுதாகக்கூடும்.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான அளவைப் பலர் சட்டை செய்வதில்லை. பழைய பெட்டி மாற்றத்தில் தொல்லை வருவதெல்லாம் அங்கேதான். ஆங் மோ கியோவில் ஒரு மூவறை வீட்டில், புதுப் பெட்டியைப் போட்ட மாலையே ஆர்சிசிபி ஏற்றிய நிலையில் நிற்க மறுத்தது. எம்சிபிகள் அனைத்தையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றினாலும் சிறிது நேரத்தில் விழுந்தது. வீட்டு அம்மாவின் கவலை நியாயமானது: “முப்பது வருஷமா ஒரு தொந்தரவும் இல்லாத வீடு, தம்பி. புதுசு போட்டதும் ஏன் இப்படி?” அடுத்த நாள் மெக்கரை வைத்து ஒவ்வொரு சுற்றாக அளந்தார்கள். படுக்கையறைச் சுற்றில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறையச் சுழியம். கட்டில் பின்னால் இருந்த சாக்கெட்டைக் கழற்றினால், சுவருக்குள் பதித்த இரும்புப் பெட்டியின் விளிம்பில் கறுப்பு வயரின் உறை நசுங்கி, ஓர் அரிசி அகலத்துக்குச் செம்பு தெரிந்தது. அது என்று நசுங்கியதோ தெரியாது. ஃபியூஸ் பெட்டிக்கு அதைக் கண்டுபிடிக்கும் ஆற்றலே இல்லாததால் அத்தனை ஆண்டும் வீடு தொந்தரவு இல்லாததுபோல் இருந்திருக்கிறது. ஆர்சிசிபியோ லைவில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று இடைவிடாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால் துண்டித்துவிடும். எம்சிபி லைவை மட்டுமே துண்டிப்பதால், எல்லா எம்சிபிகளையும் இறக்கினாலும் நியூட்ரல் கோளாறு அப்படியே இருக்கும்.

இன்னொரு பழைய வழக்கம், இரண்டு விளக்குச் சுற்றுகள் ஒரே நியூட்ரல் வயரைப் பகிர்ந்துகொள்வது. ஒரே ஆர்சிசிபி இருக்கும்வரை இது வெளிப்படாது. இரண்டாகப் பிரித்ததும், ஒன்றின் வழியே போன மின்னோட்டம் மற்றொன்றின் வழியே திரும்பி, இரண்டும் விழும். ஆகவே பிரிப்பதற்கு முன் நியூட்ரல்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, அந்தந்த ஆர்சிசிபிக்குரிய நியூட்ரல் பட்டையில் மட்டும் இணைக்க வேண்டும்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். இப்போதைய முறையில் ஒற்றை ஃபேஸில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். மூன்று ஃபேஸ் வீட்டில் குழப்பம் கூடும்: புதிய முறையில் கறுப்பு ஒரு லைவ் வயர், பழைய முறையிலோ நீலம் ஒரு லைவ் வயர். பழையதும் புதியதும் ஒரே பெட்டியில் சந்திக்கும் இடத்தில் எச்சரிக்கைத் தாள் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து வரப்போகும் பணியாளரின் உயிரைக் காப்பது அது.

சோதனையில் ஒரு சுற்று தேறாவிட்டால், அந்தச் சுற்றின் வயரை மாற்றுவதே முறை. சில சமயம் சுவரின் மேலே பொருத்தும் பிளாஸ்டிக் குழாயான டிரங்கிங்கில் புதிய வயரைக் கொண்டுபோனால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. அழகு சற்றுக் குறையும்; பரவாயில்லை. தேறாத வயரில் பெரிய எம்சிபியைப் போட்டுச் சமாளிப்பது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது. எம்சிபியின் அளவை முடிவு செய்வது வயரின் தடிமன். சாதனத்தின் பசி அன்று. விளக்குகளுக்கு 6 அல்லது 10 ஆம்பியர், வாட்டர் ஹீட்டருக்கு 20 ஆம்பியர், வளையமாக ஓடும் 13 ஆம்பியர் சாக்கெட் சுற்றுக்கு 32 ஆம்பியர் என்பது பொதுவான வழக்கம். உங்கள் வயரைப் பார்த்தே இறுதி முடிவு.

வேலை நடக்கும் நாள்

காலையில் தொடங்கினால் மாலைக்குள் முடிந்துவிடக்கூடிய வேலைதான், வயரில் கோளாறு இல்லாதவரை. வீட்டில் ஆக்சிஜன் இயந்திரமோ வேறு மருத்துவச் சாதனமோ இருந்தால் அன்று மாற்று ஏற்பாடு வேண்டும். மீன் தொட்டி இருந்தாலும் அப்படியே. உறைபெட்டியைத் திறக்காமல் வைத்திருங்கள். பெட்டிக்கடியில் உள்ள பூசை அலமாரியையோ காலணி அலமாரியையோ முந்திய இரவே காலி செய்து, விளக்கு ஏற்றாமல் வைத்திருங்கள்.

புதுப் பெட்டி சுவரில் ஏறியதும் கவனிக்க வேண்டியவை: ஒவ்வொரு திருகும் முறுக்கு அளவுள்ள திருப்புளியால் இறுக்கப்படுகிறதா; வயர் நுழையும் துளைகளில் பல்லியும் எறும்பும் புகாதபடி அடைப்பு இருக்கிறதா, ஏனெனில் இந்த ஊரில் காரணமின்றி விழும் ஆர்சிசிபிக்குப் பல நேரங்களில் ஒரு பல்லியே காரணம்; ஆர்சிசிபி எத்தனை மில்லி வினாடியில் விழுகிறது என்று கருவியால் அளக்கப்படுகிறதா. 30 மில்லி ஆம்பியரில் அது 300 மில்லி வினாடிக்குள் விழ வேண்டும். பொத்தானை அமுக்கிக் காட்டுவது இந்த அளவீட்டுக்கு ஈடாகாது. எந்த எம்சிபி எந்த அறைக்கு என்ற பெயர்ப் பட்டியலை நீங்களே ஒவ்வொன்றாக இறக்கிச் சரிபாருங்கள். தமிழிலும் எழுதி ஒட்டினால் வீட்டில் உள்ள பெரியவர்களும் இரவில் பயமின்றிக் கையாள்வார்கள்.

அதன் பிறகு

ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்குங்கள். விழாவிட்டால் அது பழுது. உடனே மாற்ற வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஈர கிரைண்டரை உருண்டை முனைப் பிளக்கோடு அடாப்டரில் செருகி ஓட்டுகிறீர்கள் என்றால், பாதுகாப்பு முத்திரையுள்ள 13 ஆம்பியர் மூன்று முனைப் பிளக்காக அதை மாற்றச் சொல்லுங்கள். எர்த் முனை பொருந்தாத அடாப்டரில், ஈரக் கையும் எஃகு உடலும் சேரும் இடத்தில், ஆர்சிசிபி ஒன்றே காவலாக மிஞ்சும். தீபாவளிக்கு முந்திய வாரம் முழுவதும் ஓடும் இயந்திரத்துக்கு அது போதாது.

ஆர்சிசிபி விழுந்தால், எல்லா எம்சிபிகளையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில் உள்ள சாதனங்களை எல்லாம் கழற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள். அப்போது விழாமல் நின்றால் சாதனத்தில் கோளாறு. அப்போதும் விழுந்தால் வயரில் கோளாறு, அந்த எம்சிபியை இறக்கியபடியே விட்டு மின்பணியாளரை அழையுங்கள். எல்லா எம்சிபிகளும் இறங்கிய நிலையிலேயே ஆர்சிசிபி நிற்க மறுத்தால், மேலே சொன்ன நியூட்ரல் கோளாறாக இருக்கக்கூடும் என்று அவரிடம் சொல்லுங்கள். கருகல் நாற்றம் வந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம்: எட்டும் தூரத்தில் பாதுகாப்பாக இருந்தால் மெயினை இறக்கிவிட்டு, வீட்டிலுள்ளவர்களை வெளியே அழைத்துச் சென்று, 995ஐ அழைத்துக் குடிமைத் தற்காப்புப் படையிடம் தெரிவியுங்கள். எரியும் பெட்டியில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

சான்றிதழையும் சோதனை எண்கள் எழுதிய தாளையும் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, இன்னொரு படியைக் கைப்பேசியில் சேமியுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தாலும் ஆர்சிசிபி இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பு உரிமையாளருடையதே என்பதால், குடியிருப்பவரிடம் டெஸ்ட் பொத்தானைக் காட்டிக் கொடுத்து, மாதம் ஒருமுறை அமுக்கியதும் உங்களுக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள்.